பர்மிங்காமில் முதல் சிம்பொனிக் கச்சேரி: சீட்டு வாங்குவது முதல் வீடு திரும்புவது வரை

பர்மிங்காமுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில், ஆசை ஆசையாகச் சீட்டு வாங்கிய முதல் சிம்பொனிக் கச்சேரியின் தொடக்கத்தை மூடிய கதவுக்கு வெளியே நின்றுதான் கழித்தேன். கச்சேரி 7:30 மணிக்கு. நான் 7:20 மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டேன். ஆனால் வந்து நின்றது வேறொரு அரங்கின் வாசல். அங்கே இருந்தவர் என் கைப்பேசியைப் பார்த்து, "இது டவுன் ஹால், நீங்கள் போகவேண்டியது சிம்பொனி ஹால்" என்று சொல்லி வழிகாட்டினார். பனியில் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கதவை மூடியிருந்தார்கள். முதல் உருப்படி முடிந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் சீட்டு வாங்கும்போதே வங்கி அட்டையோடு ஒரு மணி நேரம் போராடியிருந்தேன்.

அந்த முதல் மாலைக்குப் பிறகு ஏறத்தாழ மாதம் ஒரு கச்சேரி என்று போய்வருகிறேன். என்னைப் போலப் படிக்கவோ வேலைக்கோ பர்மிங்காம், கவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் வந்திருக்கும் தமிழர்கள் பலர், "அது பணக்காரர்கள் போகிற இடம், கோட்டு சூட்டு வேண்டும், நமக்குப் புரியாது" என்று ஒதுங்கியிருப்பதைப் பார்க்கிறேன். இவை எதுவும் உண்மையில்லை. உண்மையான சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: எந்தக் கட்டடம், எந்த அட்டை, எந்த இருக்கை, எந்த ரயில். அவற்றை வரிசையாக எழுதுகிறேன். கட்டணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், நான் சொல்லும் தொகைகளை ஒரு மதிப்பீடாக வைத்துக்கொண்டு, வாங்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. யார் வாசிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழு. இங்கே சொல்லப்படும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா எழுபது, எண்பது பேர், சில படைப்புகளுக்கு நூறு பேர் வரை, ஒலிபெருக்கி இல்லாமல் நேரடியாக வாசிக்கும் குழு. இந்த நகரத்தின் சொந்தக் குழு, 1920-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் பர்மிங்காம் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, சுருக்கமாகச் சி.பி.எஸ்.ஓ. என்பார்கள். 2023 முதல் அதன் தலைமை இசை நடத்துநர் (முன்னால் நின்று கையசைத்துக் குழுவை வழிநடத்துபவர்) ஜப்பானியரான கசுகி யமாடா. குழு பெரும்பாலும் வாசிக்கும் இடம் சென்டினரி சதுக்கத்தில் உள்ள சிம்பொனி ஹால்.

இங்கே ஒரு குழப்பம் வரும். குழு வேறு, அரங்கை நடத்தும் அமைப்பு வேறு. சிம்பொனி ஹாலையும் டவுன் ஹாலையும் நடத்துவது பி மியூசிக் என்ற அறக்கட்டளை. அதன் நிகழ்ச்சிப் பட்டியலில் சி.பி.எஸ்.ஓ. கச்சேரிகளுடன், வெளிநாடுகளிலிருந்து வரும் பெரிய குழுக்கள், நகைச்சுவையாளர்கள், ராக் பாடகர்கள் எல்லாம் கலந்தே இருப்பார்கள். ஆகவே அரங்கின் பெயரை மட்டும் நம்பிச் சீட்டு வாங்காதீர்கள். பக்கத்தைத் திறந்தவுடன் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: குழுவின் முழுப்பெயர், நடத்துநரின் பெயர், வாசிக்கவிருக்கும் படைப்புகளின் பட்டியல். இந்த மூன்றும் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சப் படமும் "செவ்வியல் மாலை" என்ற தலைப்பும் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் நான்கைந்து பேர் வாசிக்கும் சிறு குழுவாக இருக்கும். அதுவும் நல்ல இசையாக இருக்கலாம்; ஆனால் முழு ஆர்க்கெஸ்ட்ராவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கச்சேரிப் பருவம் செப்டம்பரில் தொடங்கிக் கோடைக்கு முன் முடியும். அடுத்த பருவத்தின் பட்டியல் வழக்கமாக வசந்த காலத்திலேயே வந்துவிடும். உறுப்பினர்களுக்கு முதலிலும் மற்றவர்களுக்குச் சில நாள் கழித்தும் விற்பனை திறக்கும். முதல் கச்சேரிக்கு அவ்வளவு முன்கூட்டி வாங்கத் தேவையில்லை. இரண்டு மூன்று வாரம் முன்னால் போதும். புகழ்பெற்ற பியானோக் கலைஞரோ வயலின் கலைஞரோ வரும் நாள்களும், சினிமா இசை வாசிக்கும் நாள்களும் மட்டும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

முதல் கச்சேரிக்கு எந்தப் படைப்பு? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனி (சிம்பொனி என்றால் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய நீண்ட படைப்பு), த்வொர்ஷாக்கின் 9-ஆம் சிம்பொனி, ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஷெஹரசாத் ஆகிய மூன்றில் ஒன்று பட்டியலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மூன்றுமே முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள் முடிபவை; மெட்டு மனதில் நிற்கும். இளையராஜாவின் பாடல்களில் வயலின்கள் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், அடியில் பேஸ் கித்தார் தனியாக ஒரு மெட்டு என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இந்த இசையின் அமைப்பு அந்நியமாகவே இருக்காது. ப்ரூக்னரின் 8-ஆம் சிம்பொனியையும் மாலரின் நீண்ட சிம்பொனிகளையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவை எண்பது நிமிடங்களைத் தாண்டக்கூடியவை. பல நேரங்களில் இடைவேளையும் இராது.

கச்சேரிக்கு முந்தைய வாரம் அந்தப் படைப்பை இரண்டு முறையாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்தில் போகும்போது கேட்டாலே போதும். தெரிந்த ராகத்தைச் சபாவில் கேட்பதற்கும் தெரியாத ராகத்தைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

2. இருக்கையை விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்

சிம்பொனி ஹாலில் ஏறத்தாழ 2,200 இருக்கைகள். தரையில் ஸ்டால்ஸ், அதற்கு மேல் சர்க்கிள், அப்பர் சர்க்கிள், உச்சியில் கிராண்ட் டியர் என்று நான்கு அடுக்கு. இவை தவிர, பாடகர் குழு இல்லாத நாள்களில் மேடைக்குப் பின்னால் உள்ள பாடகர் இருக்கைகளையும் சில கச்சேரிகளுக்கு விற்பார்கள்.

சினிமாக் கொட்டகைப் பழக்கத்தில் நாம் செய்யும் தவறு, மேல் அடுக்கு என்றால் மட்டம் என்று நினைப்பது. இந்த அரங்கின் ஒலியமைப்பு உலகத்தின் சிறந்த அரங்குகளோடு வைத்துப் பேசப்படுவது. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய பெரிய விதானமும், சுவர்களுக்குப் பின்னால் கதவுகளைத் திறந்து மூடி எதிரொலியைக் கூட்டிக் குறைக்கும் அறைகளும் உண்டு. அதனால் உச்சி அடுக்கில் உட்கார்ந்தாலும் இசை முழுதாக வந்து சேரும். குழுவின் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கலந்து கேட்பது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டால்ஸின் முதல் சில வரிசைகளில் முன்னால் இருக்கும் வயலின்கள்தான் காதை நிறைக்கும். பின்வரிசையில் இருக்கும் கிளாரினெட்டையோ கொம்பையோ (ஹார்ன்) பார்க்கவே முடியாது. ஆகவே கையில் காசு குறைவென்றால் தயங்காமல் மேலே போங்கள். ஆனால் அங்கே படிகள் செங்குத்தானவை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்த அடுக்கு ஏற்றதன்று. டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் படி குறைவான இருக்கை வேண்டும் என்று கேட்டால் பொறுமையாகப் பார்த்துச் சொல்வார்கள். சக்கர நாற்காலி இடங்களையும் அப்படியே கேட்டு வாங்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிக விரும்புவது அவற்றைத்தான். நடத்துநரின் முகம் நேராகத் தெரியும். ஒரு புருவ அசைவில் இருபது வயலின்கள் குரலைத் தாழ்த்துவதையும், இடது கை உள்ளங்கை மெல்ல மேலே திரும்பியவுடன் செலோக்கள் எழுந்து வருவதையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும். எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்து வாசிக்கும்போது நடுவில் நிற்பவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது. ஆனால் தாளக் கருவிகள் காலடியில் இருக்கும். கொம்புகளின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் அவற்றின் ஒலி நேராக உங்கள் மேல் விழும். பாடகர் பாடும் நாளிலும் பியானோ தனியாக வாசிக்கப்படும் நாளிலும் அந்த இருக்கைகளை வாங்கவே வாங்காதீர்கள். பாடகர் உங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். பியானோவின் மூடி அவையை நோக்கித் திறந்திருப்பதால் ஒலி உங்களை விட்டு விலகிப் போகும். பியானோக் கச்சேரியில் கலைஞரின் விரல்களைப் பார்க்க ஆசைப்பட்டால், மேடையைப் பார்த்து உட்காரும்போது நடுவுக்கு இடப்பக்கம் வருமாறு இருக்கை எடுங்கள்.

3. சீட்டு வாங்குதல்: அட்டையும் ஆவணமும்

சி.பி.எஸ்.ஓ.வின் இணையதளம் அல்லது பி மியூசிக்கின் இணையதளம், இந்த இரண்டில் ஒன்றில்தான் வாங்க வேண்டும். தேடுபொறியில் கச்சேரியின் பெயரை அடித்தால் மேலே விளம்பரமாக வருபவை சில நேரம் மறுவிற்பனைத் தளங்கள். அரங்கில் இருக்கைகள் தாராளமாக இருக்கும்போதே அங்கே விலையை உயர்த்தி வைத்திருப்பார்கள். இணையத்தில் வாங்க முடியாவிட்டால் அரங்கின் டிக்கெட் அலுவலகத்தில் நேரில் வாங்கலாம்.

இனி அட்டை. இந்திய வங்கி அட்டையோடு வந்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் இணையவழிப் பரிவர்த்தனையும் முதலில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். நீங்களாக வங்கிச் செயலியில் போய் இரண்டையும் இயக்க வேண்டும். இயக்கிய பிறகும் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் போகும். என் இந்திய சிம்மின் ரீசார்ஜ் முடிந்திருந்தது. ஓ.டி.பி. வரவில்லை; இருக்கையைப் பிடித்து வைக்கும் சில நிமிட அவகாசம் தீர்ந்து, நான் தேர்ந்தெடுத்த இருக்கை மீண்டும் விற்பனைக்குப் போய்விட்டது. திரும்பத் திரும்ப முயன்றதில் அட்டையையே வங்கி முடக்கிவிட்டது. இங்குள்ள வங்கிக் கணக்கு திறக்கப்பட்டு அட்டை கைக்கு வரும் வரை பொறுத்திருப்பது நல்லது. முடியாதென்றால் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்துக்கொண்டு, பகல் நேரத்தில் வாங்குங்கள். இந்திய அட்டையில் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இங்குள்ள அட்டையிலும் ஒரு தவறு நேரும். பணம் செலுத்தும் பக்கத்தில் கேட்கும் முகவரி, வங்கியிடம் நீங்கள் பதிந்துள்ள முகவரியாக இருக்க வேண்டும். விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிய மாணவர்கள் புதிய அஞ்சல் குறியீட்டை இங்கே கொடுத்துவிட்டு, வங்கியில் பழையதையே வைத்திருப்பார்கள்; பரிவர்த்தனை நிராகரிக்கப்படும்.

மாணவர்களுக்கும் இளையோருக்கும் சலுகைச் சீட்டுகள் உண்டு. வயது வரம்பும் விலையும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், சீட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். சலுகைச் சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் காலாவதி ஆகாத மாணவர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். நான்கு பேருக்கு ஒருவர் வாங்கினாலும் நான்கு அட்டைகளும் வாசலில் இருக்க வேண்டும். படிப்பு செப்டம்பரில் முடிந்து பட்டம் டிசம்பரில் வாங்கும் முதுகலை மாணவர்கள், அட்டையில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டியிருந்தால் சாதாரணச் சீட்டு வாங்கிவிடுவதே மரியாதை.

பணம் செலுத்தியதும் மின்னஞ்சலில் சீட்டு வரும். அதைத் திறந்து நான்கு விவரங்களைச் சத்தமாகப் படியுங்கள்: தேதி, நேரம், அரங்கின் பெயர், இருக்கை எண். நான் அரங்கின் பெயரைப் படிக்காததால்தான் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றேன். கியூ.ஆர். குறியீட்டைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது இணைய இணைப்பை நம்ப முடியாது.

வாங்கிய சீட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. கச்சேரியே ரத்தானால் திரும்பும். வரவேண்டிய கலைஞர் உடல்நலமில்லாமல் வேறொருவர் வாசித்தால் திரும்பாது. போக முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் டிக்கெட் அலுவலகத்தைக் கூப்பிட்டு, வேறு நாளுக்கு மாற்ற வழியுண்டா என்று கேளுங்கள். கடைசி நாளில் கேட்பதில் பயனில்லை.

4. செலவுக் கணக்கு

சீட்டின் விலை மட்டும் செலவன்று. இணையத்தில் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் பதிவுக் கட்டணம் சேரக்கூடும். ஒருவரே நண்பர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கினால் அது பலர் தலையில் பிரியும். பல கச்சேரிகளைச் சேர்த்து வாங்குவோருக்குத் தள்ளுபடி அறிவிப்பார்கள். ஆனால் முதல் கச்சேரியைக் கேட்டு, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது ரயில். வெளியூரிலிருந்து வருபவர்கள் 16 முதல் 25 வயதினருக்கான ரெயில்கார்டை வாங்குங்கள். ஆண்டுக்கு 35 பவுண்டு. பெரும்பாலான பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களும் முழுநேர மாணவராக இருந்தால் இதே அட்டையைப் பெறலாம். அதற்குப் பல்கலைக்கழகத்தின் சான்று தேவை. பாஸ்போர்ட் எண்ணும் ஒரு புகைப்படமும் தயாராக இருந்தால் இணையத்திலேயே வாங்கிவிடலாம். சோதனையின்போது அட்டையைக் காட்ட முடியாவிட்டால் சலுகைச் சீட்டு செல்லாது. ஆகவே கைப்பேசியில் மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும்.

அரங்குக்குள் விற்கும் காபியும் நொறுக்குத் தீனியும் விலை அதிகம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தால், மலிவான இருக்கையோடு முழு மாலையையும் ஓர் உணவகச் சாப்பாட்டின் செலவில் முடித்துவிடலாம்.

அதுவும் முடியாத மாதங்களில் ராயல் பர்மிங்காம் கன்சர்வேட்டாயரின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி அது. 2017-இல் ஜென்னன்ஸ் சாலையில் புதிய கட்டடத்துக்கு வந்தது. அங்குள்ள பிராட்ஷா ஹாலில் மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா முழுச் சிம்பொனிகளையே வாசிக்கிறது. கட்டணம் குறைவு, சில நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை. நாளைய தொழில்முறைக் கலைஞர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பதைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம்.

5. போய்ச் சேருதல்

நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஏறத்தாழ பதினைந்து நிமிடம். நிலையத்தை விட்டு வெளியே வந்து விக்டோரியா சதுக்கம் ஏறியதும், ரோமானியக் கோயில் போலச் சுற்றிலும் பெருந்தூண்கள் நிற்கும் ஒரு கட்டடம் தெரியும். அதுதான் டவுன் ஹால். நம் கண்ணுக்குக் கச்சேரி மண்டபம் என்றால் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கே நின்றுவிடாதீர்கள். அதைக் கடந்து மேலும் ஐந்தாறு நிமிடம் நடந்தால் சென்டினரி சதுக்கம் வரும். வட்ட வட்ட வளையங்கள் போர்த்திய பெரிய நூலகம் அங்கே இருக்கிறது. அந்த வரிசையிலேயே அடுத்தடுத்து நாடக அரங்கும் சிம்பொனி ஹாலும்.

டிராமில் வந்தால் இதே பொறி வேறு வடிவில் இருக்கிறது. நிறுத்தங்களில் ஒன்றின் பெயர் டவுன் ஹால், அடுத்ததன் பெயர் லைப்ரரி. நீங்கள் இறங்க வேண்டியது லைப்ரரி.

காரில் வருபவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. அரங்கு நகரத்தின் தூய காற்று மண்டலத்துக்குள் இருக்கிறது. 2021 ஜூன் முதல், மாசுத் தரத்துக்குள் வராத கார்களுக்கு நாளொன்றுக்கு 8 பவுண்டு கட்டணம். பெட்ரோல் கார் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 தரம் இருக்க வேண்டும். மாணவர்கள் வாங்கும் பழைய டீசல் கார்கள் பெரும்பாலும் இதில் மாட்டும். சாலையில் வசூல் சாவடி எதுவும் கிடையாது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், நீங்களாக அரசு இணையதளத்தில் கட்ட வேண்டும். பயண நாளுக்கு ஆறு நாள் முன்பிருந்து ஆறு நாள் பின்பு வரை கட்டலாம். மறந்தால் 120 பவுண்டு அபராதம். பதினான்கு நாளுக்குள் கட்டினால் 60. கட்டண நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிடப்படுகிறது. கச்சேரிக்குப் பிறகு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு 12 மணிக்கு மேல் மண்டலத்துக்குள் காரை ஓட்டினால், மறுநாளுக்கும் ஒரு 8 பவுண்டு.

கதவுக்கு 7 மணிக்கு வந்துவிடுங்கள். தாமதமாக வருபவர்களை உருப்படிகளுக்கு இடையில் மட்டுமே உள்ளே விடுவார்கள். ஒரே படைப்பு இடைவேளையின்றி ஓடும் நாளாக இருந்தால் அந்த வாய்ப்பும் குறைவு. இரவுப்பணி செய்யும் செவிலியர்களுக்கும் பெற்றோரோடு வருபவர்களுக்கும், வாரநாள்களில் பிற்பகல் 2:15 மணிக்குத் தொடங்கும் கச்சேரிகள் மிக வசதி. இரவாவதற்கு முன்பே வீடு திரும்பிவிடலாம்.

6. உள்ளே நுழைந்த பிறகு

உடை விதி எதுவும் இல்லை. ஜீன்ஸும் கம்பளிச் சட்டையும் போதும்; புடவை கட்டி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குளிர்காலக் கோட்டையும் முதுகுப்பையையும் பொருள் வைக்கும் அறையில் கொடுத்துவிடுங்கள். மடியில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அசைவிலும் அது சரசரக்கும்.

இந்தச் சரசரப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பக்கத்திலேயே நிலத்தடியில் ரயில் சுரங்கம் இருக்கிறது. அந்த அதிர்வு எட்டாதபடி ரப்பர் மெத்தைகளின் மேல் அரங்கைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நிலவும் அமைதி நாம் அன்றாடம் அறியாத அமைதி. மெல்லிய பகுதி வரும்போது மேடையில் ஒருவர் தாள் புரட்டுவது உச்சி அடுக்கில் கேட்கும். இருமல் மிட்டாய் வைத்திருந்தால் உறையை முன்பே பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அதிர்விலும் வைக்காமல் முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

விளக்கு தணிந்ததும் முதல் வயலின் கலைஞர் வருவார், கைதட்டுவார்கள். பிறகு ஓபோ என்னும் குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அதை வாங்கி எண்பது கருவிகளும் சுருதி சேர்க்கும். தம்புரா மீட்டியதும் நம் சபாக்களில் ஒரு நிமிடம் மனம் அடங்குமே, அதே நிமிடம் இங்கேயும் உண்டு. அதற்குப் பிறகுதான் நடத்துநர் வருவார்.

நாம் தாளம் போட்டும் "பேஷ்" சொல்லியும் கேட்டுப் பழகியவர்கள். என் மூன்றாவது கச்சேரியில், என்னை அறியாமல் நாற்காலிக் கையில் விரல் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மையார் என்னைப் பார்க்காமலே, தன் கையை என் விரல்களுக்கு அருகில் மெல்ல வைத்தார். நிறுத்திவிட்டேன். இடைவேளையில் அவரே பேச்சைத் தொடங்கி, எங்கள் ஊர்க் கச்சேரியில் அவையோர் எப்படித் தாளம் போடுவார்கள் என்று விசாரித்தார். ஆதி தாளத்தை விரலெண்ணிக் காட்டச் சொல்லித் தானும் போட்டுப் பார்த்தார். இங்குள்ளவர்கள் கடுமையானவர்கள் அல்லர். அமைதியைக் காப்பதுதான் அவர்களுடைய ரசிக மரியாதை.

7. எப்போது கைதட்டுவது

புதிதாக வருபவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ஒரு சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது. பகுதிகளுக்கு நடுவில் இசை நின்றாலும் தட்டக்கூடாது, முழுதும் முடிந்த பிறகே தட்ட வேண்டும். நிகழ்ச்சிக் கையேட்டில் பகுதிகளின் எண்ணிக்கை இருக்கும், எண்ணிக்கொண்டே வாருங்கள். எண்ணிக்கையும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காவதில் கலந்துவிடும். சைக்கோவ்ஸ்கியின் 6-ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி வெற்றி முழக்கமாக முடியும். அதற்குப் பிறகுதான் துயரமான கடைசிப் பகுதி மெல்ல அணையும். சிபெலியஸின் 5-ஆம் சிம்பொனியின் முடிவில் ஆறு முழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட மௌனம். முதல் மௌனத்திலேயே தட்டிவிடுபவர்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரே வழி: நடத்துநரின் கைகளைப் பாருங்கள். கைகள் உயரத்தில் நிற்கும் வரை இசை முடியவில்லை. அவை முழுதாகக் கீழே இறங்கி, பக்கத்திலிருப்பவர்கள் தட்டத் தொடங்கிய பிறகு நீங்களும் தட்டினால் தவறவே முடியாது.

8. இடைவேளையும் வீடு திரும்புதலும்

இடைவேளை வழக்கமாக இருபது நிமிடம். கழிவறை வரிசை நீளம் என்பதால் விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுங்கள். மணி அடித்ததும் திரும்பிவிடுங்கள்.

பெரும்பாலான மாலைக் கச்சேரிகள் 9:30 மணியை ஒட்டி முடியும். நீண்ட சிம்பொனியோ கூடுதல் உருப்படியோ இருந்தால் பத்து நெருங்கும். ஆகவே குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவுச் சீட்டைத் திரும்பும் பயணத்துக்கு வாங்காதீர்கள். அதை வாங்கியதால், கடைசிப் பகுதி முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய சீட்டு இரண்டு மூன்று பவுண்டு கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளப் பணிக்காகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள் என்பதால், அன்றைய அட்டவணையை அன்று காலையிலேயே பாருங்கள்.

கோட்டு வாங்கும் வரிசையில் நிற்க மனமில்லாமல், கைதட்டல் தொடங்கியதுமே எழுந்து ஓடுபவர்கள் உண்டு. முடிந்தால் அப்படிச் செய்யாதீர்கள். நடத்துநர் கொம்பு வாசித்தவரையும் ஓபோ வாசித்தவரையும் ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்துவது அந்த நேரத்தில்தான். இரண்டு மணி நேரம் எந்த ஒலியைக் கேட்டோமோ அதற்கு உரிய முகத்தை அப்போதுதான் பார்க்கிறோம். வரிசை பத்து நிமிடத்தில் கரைந்துவிடும்.